சிம்பொனி மேடையில் டாம்பரினும் குச்சியும்: டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தாளக் கருவிகள் சொல்லிக்கொடுக்கிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பலர் கோயிலில் தப்பும் உருமியும் கேட்டு வளர்ந்தவர்கள். சிலர் மிருதங்கமோ கஞ்சிராவோ முறையாகப் படித்தவர்கள். அவர்கள் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் பெர்குஷன் (தாளக் கருவிகள்) பகுதிக்குப் போனதும் வீட்டில் தாத்தா, ஆயா, அம்மா, அப்பா என்று எல்லோருக்கும் கேள்வி வருகிறது. டாம்பரினையும் டிரம் குச்சிகளையும் பற்றித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டாம்பரின் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கிறதே, ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும் ஏன் பல மடங்கு விலை?

பஜனையில் ஆட்டுகிற பிளாஸ்டிக் டாம்பரினுக்குத் தோல் கிடையாது. அதன் வட்டச் சட்டத்தில் ஜோடி ஜோடியாகக் கோத்திருக்கும் ஜிங்கிள் என்னும் உலோக வட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வெட்டியவை. ஆட்டினால் ஒரே சத்தம், அதுவும் பெரிய சத்தம். பஜனைக்கு அது போதும்.

சிம்பொனியில் அதே ஆள், அதே கருவியில் இரண்டு எல்லைகளையும் தொட வேண்டும். சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலேயில் வரும் அரேபிய நடனத்தைக் கேளுங்கள். வயலின்கள் அடங்கி வாசிக்க, டாம்பரின் மூச்சுவிடுகிற மாதிரி ஒலிக்கும். அடுத்த சில நிமிடங்களில் ‘திரெபாக்’ என்னும் ரஷ்ய நடனம் வரும்போது பித்தளைக் குழல்கள் அத்தனையையும் தாண்டி அது கேட்க வேண்டும். மெதுவாகத் தொட்டால் ஜிங்கிள் உடனே பேச வேண்டும், தொடாதபோது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மலிவான கருவி இந்த இரண்டையும் செய்யாது. கையை நீட்டி எடுக்கும்போதே சலசலத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

கையால் செய்தது என்கிறார்களே, அதில் கை எங்கே வருகிறது?

மூன்று இடத்தில் வருகிறது.

முதலில் சட்டம். மேப்பிள், ஆஷ் போன்ற மரத்தை மெல்லிய பட்டையாக்கி, ஆவியில் காட்டி வளைத்து, அல்லது பல அடுக்குகளாக ஒட்டி வட்டமாக்குவார்கள். வழக்கமான அளவு பத்து அங்குல விட்டம். பிறகு ஜிங்கிளுக்கான பள்ளங்களை வெட்டுவார்கள். பெரும்பாலான ஆர்கெஸ்ட்ரா டாம்பரினில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை இருக்கும். சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கும். பிள்ளைகள் முதலில் கட்டைவிரலை நுழைப்பது அதில்தான். தயவுசெய்து வேண்டாம். ஸ்டாண்டில் பொருத்துவதற்குத்தான் அந்த ஓட்டை. விரலை விட்டு வேகமாக ஆட்டினால் விரலுக்கு அடிபடும். சட்டத்தை உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது தோல். கன்றுத்தோலையோ ஆட்டுத்தோலையோ நனைத்து, இழுத்து, ஒட்டி, காயவிடுவார்கள். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது செய்கிறவரின் கைப்பழக்கம். மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒரே ஆட்டின் தோலிலேயே முதுகுப் பக்கம் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெலிவு. எந்த இடத்தைக் கருவியின் எந்தப் பக்கம் வைப்பது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல தொழிலாளி.

மூன்றாவது ஜிங்கிள், உயிர் இங்கேதான் இருக்கிறது. நல்ல ஜிங்கிளைச் சுத்தியால் தட்டித் தட்டி மேடுபள்ளமாக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றின் வளைவும் கொஞ்சம் வேறாக இருப்பதால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஸ்வரம் பேசும். எல்லாம் சேரும்போது எந்த ஒரு ஸ்வரமும் தனியாகத் துருத்திக்கொண்டு வராது. பளபளவென்று ஒரு ஒலித்திரை மட்டும் கேட்கும். அதனால்தான் ஆர்கெஸ்ட்ரா எந்த ஸ்ருதியில் வாசித்தாலும் டாம்பரின் இடறுவதில்லை. ஒரு ஜிங்கிளை விரலால் நிறுத்தி, பக்கத்து ஜோடியை மட்டும் சுண்டிப் பாருங்கள். பிறகு அடுத்ததைச் சுண்டுங்கள். வித்தியாசம் காதுக்குத் தெரிந்தால் அது தட்டிச் செய்தது.

இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள் பலர் முதலில் வாசிப்பவர்கள். நீல் குரோவர் பாஸ்டனில் வாசித்துக்கொண்டிருந்த பெர்குஷன் கலைஞர். 1979-ல் கருவி செய்யத் தொடங்கினார். மேடையில் தனக்கு என்ன குறைகிறது என்று தெரிந்தவர் செய்தால் கருவி வேறு மாதிரிதான் வரும்.

எந்த உலோக ஜிங்கிள் வாங்குவது?

ஜெர்மன் சில்வர் என்றால் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. பெயரில் இருக்கிற வெள்ளி அதில் கிடையாது. ஒலி மென்மையாக இருக்கும். பாஸ்பர் பிரான்ஸ் செம்பும் வெள்ளீயமும் கொஞ்சம் பாஸ்பரஸும் சேர்ந்தது. ஒலி கொஞ்சம் கனத்து, இருட்டாக இருக்கும். பெரிலியம் செம்பு கூர்மையானது, பெரிய மண்டபத்தில் கடைசி வரிசை வரை போகும்.

ஒரே ஒரு டாம்பரின்தான் வாங்க முடியும் என்றால் ஜெர்மன் சில்வர் அல்லது இரண்டு உலோகம் கலந்த வகையை எடுங்கள். பெரிலியம் செம்பு வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அதை அரத்தால் ராவவோ உரசி மெருகேற்றவோ கூடாது. பெரிலியம் தூள் நுரையீரலுக்கு மிகவும் கெடுதல். வாசிப்பதால் ஒன்றும் ஆகாது.

வீட்டில் கஞ்சிரா இருக்கிறது. அதையே கொண்டுபோகலாமா?

பழகக் கொண்டுபோகலாம், ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க முடியாது. கஞ்சிரா சிறியது. பலா மரச் சட்டம், அதில் ஒரே ஒரு பள்ளம். அதன் அழகு தோலில் இருக்கிறது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, இடது கை விரலால் சட்டத்தோரம் தோலை அழுத்தி ஸ்ருதியை ஏற்றி இறக்கிக் கும்கி கொடுப்பதுதான் அதன் பேச்சு. டாம்பரினில் ஜிங்கிள் முதலாளி, தோல் துணைக்கு வருவது.

சட்டப் பிரச்சினையும் ஒன்று உண்டு. பழைய கஞ்சிராக்கள் உடும்புத்தோலில் செய்தவை. அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இந்திய உடும்பு இருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது. ஊருக்குப் போனவர்கள் ஆசையாக ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்க வேண்டாம். ஆட்டுத்தோல் கஞ்சிராவும் செயற்கைத் தோல் கஞ்சிராவும் இப்போது நன்றாகவே கிடைக்கின்றன.

கன்றுத்தோல் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒப்ப மாட்டார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆட்டுத்தோல் டாம்பரின் கேட்டு வாங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால் செயற்கைத் தோல் இருக்கிறது. ரெமோ பெல்லி 1957-ல் பாலியெஸ்டர் படலத்தில் டிரம் தோல் செய்து விற்கத் தொடங்கிய பிறகு அந்த வழி இன்று வரை வளர்ந்துகொண்டே வருகிறது.

ஆனால் ஆயாவிடம் பேசும்போது ஒன்றை மட்டும் நினைவுபடுத்தலாம்: கோயிலில் வாசிக்கும் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு. நம் முன்னோர் அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் வாசித்தார்கள். முடிவு உங்கள் வீட்டுடையது. பிள்ளை வாசிப்பதை அது நிறுத்த வேண்டியதில்லை.

ஜனவரி, பிப்ரவரியில் தோல் தொய்ந்துபோய் தட்டினால் சத்தமே வரவில்லை. கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. டர்பன் கோடை அப்படி. தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், விரிந்தால் தொய்யும். மிருதங்கக்காரர்களுக்கும் தப்புக்காரர்களுக்கும் இது நூற்று அறுபது வருடக் கதை. 1860-ல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்து இறங்கியவர்களின் தோல் கருவிகளும் இதே கடற்காற்றில்தான் தொய்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். டாம்பரினைப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டை உள்ளே வையுங்கள். ஒத்திகைக்கு முன் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு முழத் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். நடுவில் விரலால் தட்டிக் கேளுங்கள். தொப் என்பது போய் டப் என்று வரும்போது நிறுத்திவிடுங்கள். மேடை விளக்கின் சூட்டில் இன்னும் கொஞ்சம் ஏறும். அதற்கு இடம் விட வேண்டும்.

ஜோஹனஸ்பர்க் போனால் கதை தலைகீழ். அந்த ஊர் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேலே, குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும். டர்பனில் சரியாக இருந்த தோல் அங்கே விண்ணென்று இறுகி, கவனிக்காவிட்டால் கிழிந்தும் போகும். அங்கே கஞ்சிராவுக்குச் செய்வதையே செய்யுங்கள்: விரலைத் தண்ணீரில் நனைத்து உட்பக்கமாகத் தோலில் லேசாகத் தடவிக் காத்திருங்கள். ஒரேயடியாக நிறைய ஊற்றக் கூடாது.

இரண்டு ஊருக்கும் போய் வாசிக்கிறவர்கள் இயற்கைத் தோல் ஒன்றும் செயற்கைத் தோல் ஒன்றும் வைத்திருப்பது நல்லது. ஒலியில் இயற்கைத் தோலுக்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் மழை கொட்டும் மார்ச் மாத வெளிமேடையில் செயற்கைத் தோல்தான் காப்பாற்றும்.

தப்பை நெருப்பில் காய்ச்சுகிற மாதிரி இதையும் காட்டலாமா?

கூடாது. டாம்பரினில் தோல் பசையால் நிற்கிறது. தீயருகே போனால் பசை விட்டுவிடும், ஒட்டுச் சட்டமும் பிரியும்.

கட்டைவிரல் ரோல் எத்தனை தடவை முயன்றாலும் வரவில்லை.

வரும். ரோல் என்றால் இடைவெளி தெரியாமல் தொடர்ந்து ஒலிக்கவைப்பது. விரலைத் தோலின் ஓரத்தில் அழுத்தி ஓட்டும்போது அது வழுக்கிப் போகாமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு, குட்டிக் குட்டியாகத் துள்ள வேண்டும். அந்தத் துள்ளல்தான் ஜிங்கிளை அதிரவைக்கிறது. உருமியில் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து முனகவைக்கிறார்களே, அங்கேயும் நடப்பது இதேதான். உருமி கைப்பழக்கம் உள்ள பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

தோலின் விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குத் தேன்மெழுகை மெல்லியதாகத் தேயுங்கள். அதன்மேல் வயலின்காரர்கள் வில்லுக்குப் போடும் ரோசினைப் பொடித்துத் துளி தூவலாம். கட்டைவிரலை லேசாக ஈரப்படுத்துங்கள். கருவியைச் சாய்த்துப் பிடித்து, கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி விளிம்பைச் சுற்றி மேலே போங்கள். விரலின் மெத்தென்ற பகுதி முழுக்கப் படக் கூடாது. நகத்துக்குப் பக்கத்து ஓரம் பட வேண்டும். பலமாக அழுத்தினால் விரல் நின்றுவிடும், மெல்லவிட்டால் வழுக்கும். நடுவே ஒரு அழுத்தம் இருக்கிறது, அதைக் கை கண்டுபிடிக்கும். வியர்க்கிற நாளில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வட்டம் முடிந்தால் ரோலும் முடியும். அதனால் இந்த ரோல் மெதுவான, சின்ன இடங்களுக்கு. நீளமாகவும் பலமாகவும் வேண்டுமென்றால் கருவியை ஆட்டுகிற ரோல். வேகமாகவும் பலமாகவும் தனித்தனி அடி வேண்டுமென்றால் ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்து, தோல் கீழே இருக்கும்படி பிடித்து, முழங்காலிலும் மறு கையின் முஷ்டியிலும் மாறி மாறி அடிப்பார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு விநோதமாகத் தெரியும். டர்பனில் குவாசூலு நடால் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்போது மேல் மாடத்தில் உட்கார்ந்து பெர்குஷன் வரிசையைப் பாருங்கள், இதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

குச்சி குச்சிதானே? ஒரு ஜோடி போதாதா?

ராவெலின் ‘பொலேரோ’ (1928) ஒன்று போதும் இதற்குப் பதில் சொல்ல. ஸ்நேர் டிரம் (அடிப்பக்கத்தில் கம்பிகள் சலசலக்கும் சின்ன டிரம்) வாசிப்பவர் இரண்டு அளவை (பார்) நீளமுள்ள ஒரே தாளத்தை 169 தடவை வாசிக்கிறார். ஒரு சுற்றுக்கு 24 அடி; மொத்தம் நாலாயிரத்துக்கும் மேல். தொடக்கம் காதில் விழுமா விழாதா என்கிற அளவு மெல்லியது, முடிவு மண்டபமே அதிர்வது. கால் மணி நேரத்தில் ஒரு இடத்தில்கூட வேகம் கூடக் கூடாது, வலது கை அடியும் இடது கை அடியும் வேறாகக் கேட்கக் கூடாது. இரண்டு குச்சியில் ஒன்று கொஞ்சம் கனத்தாலும் அங்கே அது மறைக்க முடியாத குறை.

சிம்பொனி ஸ்நேர் குச்சி ராக் டிரம் குச்சியைவிடத் தடிமனாக, நுனி சிறிதாக உருண்டு இருக்கும். மேப்பிள் இலேசானது, மென்மையான வாசிப்புக்கு நல்லது. ஹிக்கரி கனமானது, அதிர்ச்சியைத் தாங்கும். பெர்சிமன் அடர்ந்த மரம். ஒரு காலத்தில் கோல்ஃப் மட்டையின் தலையை அதில்தான் செய்தார்கள். ஸ்நேருக்குப் பெர்சிமன் குச்சி தரும் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது. டிம்பனிக்கு (கொப்பரை போன்ற பெரிய டிரம்) ஃபெல்ட் என்னும் கம்பளித் துணி சுற்றிய குச்சி, அதிலும் கெட்டி, நடுத்தரம், மெது என்று பல. டிரையாங்கிளுக்கு உலோகக் குச்சி. அப்புறம் ஃபெல்ட் தேய்ந்துபோனால் பல கலைஞர்கள் தாங்களே ஊசி நூல் எடுத்துப் புதிதாகத் தைத்துக்கொள்வார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுவது நல்லது.

இன்று உலகம் முழுக்கத் தெரிந்த விக் ஃபர்த் குச்சிகளும் இப்படித்தான் பிறந்தன. அவர் பாஸ்டன் சிம்பொனியில் 1956 முதல் 2002 வரை முதன்மை டிம்பனிக் கலைஞர். கடையில் கிடைத்த குச்சி தன் வாசிப்புக்கு ஒத்துவரவில்லை என்று தானே மரத்தைச் செதுக்கி மாதிரி செய்தார். 1963-ல் தொடங்கிய அந்த நிறுவனம் குச்சிகளை எடைக்கு எடை, ஒலிக்கு ஒலி பொருத்தி ஜோடி சேர்ப்பதைப் பழக்கமாக்கியது.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்நேர் குச்சி, ஒரு ஜோடி நடுத்தர டிம்பனிக் குச்சி போதும். மலிவாகப் பத்து ஜோடி வாங்கிப் பையை நிரப்புவதால் கை வளராது.

கடையில் குச்சியை எப்படிப் பார்த்து வாங்குவது?

கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். நேரான குச்சி சத்தமில்லாமல் போகும், கோணல் குச்சி தாவித் தாவிப் போகும். மரத்தின் இழை அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே வெளியேறினால் அங்கேதான் உடையும். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து மரப்பலகையில் தட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரம் சொன்னால் ஜோடி. தம்புராவுக்கு ஸ்ருதி சேர்க்கத் தெரிந்த காது உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். கடைக்காரர் காத்திருப்பார்.

இங்கே இருக்கிற மரக் கடைசல்காரரிடம் சொல்லிச் செய்யலாமா?

தாராளமாக. பழைய குச்சி ஒன்றை மாதிரிக்குக் கொடுத்துவிட்டு, நன்கு உலர்ந்த, நேரிழை மரமாக இருக்கட்டும் என்று கேளுங்கள். நம் பகுதியில் ஸ்னீஸ்வுட் என்றொரு மரம் இருக்கிறது. வெகு அடர்த்தி, வேலிக் கம்பமாக நட்டால் பல தலைமுறை நிற்கும். மொசாம்பிக்கின் சோப்பி மக்கள் தங்கள் திம்பிலா என்னும் மரப்பலகை இசைக்கருவிக்கு இந்த மரத்தைத்தான் விரும்பி எடுத்தார்கள் என்றால் அதன் ஒலியைப் பற்றி வேறு சான்று வேண்டியதில்லை. தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்பதால் கடைபவர் முகமூடி போட வேண்டும்.

தம்போட்டி மரம் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் அதன் பால் விஷம். கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது. ரோஸ்வுட் குச்சி ஆசைப்படுகிறவர்களுக்கு: ஏற்கெனவே முதல் பட்டியலில் இருந்த பிரேசில் ரோஸ்வுட் தவிர, ரோஸ்வுட் இனம் முழுவதையும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இரண்டாம் பட்டியல் மரத்தில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்கு தந்தார்கள். வெறும் மரக்கட்டையாகக் கொண்டுவருவதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

மிருதங்கம் படித்தது இதற்கு உதவுமா, தடையா?

பெரும்பாலும் உதவும். சொல்கட்டு வாயில் ஓடுகிற பிள்ளையை ஐந்து, ஏழு என்று எண்ணுகிற தாளம் பயமுறுத்தாது. விரல் நுனிகளைத் தனித்தனியாக இயக்கத் தெரிந்திருப்பதால் டாம்பரினின் மெல்லிய அடிகள் சுலபமாக வரும். மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கச்சேரியில் பாடுகிறவரோடு பேசி, அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறோம். இங்கே நூறு அளவை எண்ணிக்கொண்டு சும்மா நின்று, நூற்றோராவது அளவில் ஒரே ஒரு அடி. அந்தக் காத்திருப்பையும் வாசிப்பாக நினைக்கப் பழக வேண்டும்.

என் மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. அவள் சேரலாமா?

சேரலாம், கட்டாயம். ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி பன்னிரண்டு வயதுக்குள் பெருமளவு கேட்கும் திறனை இழந்தவர். வெறுங்காலோடு மேடையில் நின்று அதிர்வை உடலால் வாங்கி வாசித்து, உலகின் முன்னணிப் பெர்குஷன் தனிக் கலைஞர்களில் ஒருவரானார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்தவரும் அவரே. மகளை ஒரு பெரிய டிரம்மின் பக்கத்தில் நிறுத்தி, கையைச் சட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். மற்றதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

ஆர்கெஸ்ட்ராவில் சேரும் தேர்வுக்கு எதைப் பழகிக்கொண்டு போவது?

டாம்பரினுக்கு த்வோர்ஷாக்கின் ‘கார்னிவல்’ முன்னிசை. அதில் ஆட்டும் ரோலும் தெளிந்த அடிகளும் சேர்ந்தே வரும். அதோடு ‘திரெபாக்’கும் பிஸேயின் ‘கார்மென்’ பகுதிகளும். ஸ்நேருக்கு ‘பொலேரோ’வும் ரிம்ஸ்கி கோர்சகோவின் ‘ஷெஹரஸாட்’ பகுதிகளும்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘பெத்ருஷ்கா’ (1911) பாலேயை வாசிக்கச் சொன்னால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். கதையின் நாயகனான பொம்மை சாகும் இடத்தில் டாம்பரினைத் தரைக்கு மிக அருகில் பிடித்துத் தட்டையாகக் கீழே போட வேண்டும் என்று இசைத்தாளிலேயே எழுதியிருக்கிறது. அதற்குக் கையால் செய்த நல்ல கருவியை எடுக்காதீர்கள். பழையது ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். எந்த உயரத்திலிருந்து விட்டால் ஜிங்கிள் ஒரே வீச்சில் அடங்குகிறது என்று அந்த மேடையின் தரையிலேயே முன்கூட்டிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.